புரதம் எதைத் தின்று வளர்ந்தது?

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு ஏக்கரில் மீன் குளம் வெட்டி முடித்த கையோடு என் மைத்துனர் ஒரு தாளை நீட்டினார். மீன்தூள் 65, பட்டுப்புழுத் தூள் 55, சோயாப் புண்ணாக்கு 46, கடலைப் புண்ணாக்கு 42, ஈப்புழு 42, அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி 25. எல்லாம் நூற்றுக்கு எத்தனை பங்கு புரதம் என்ற கணக்கு. “அத்தான், கடைத் தீவனமே வேண்டாம். முழுக்க இயற்கை முறைதான். இதில் எதைப் போடுவது?” என்றார். தாளில் எண்கள் மேலிருந்து கீழே இறங்கின. அவர் மனத்தில் விடையும் அதே வரிசையில் இருந்தது முகத்திலேயே தெரிந்தது.

8 ஆண்டுகளாக 60 சென்ட் குளத்தில் கெண்டை வளர்ப்பவன் என்ற உரிமையில், அந்தத் தாளில் இரண்டு பத்தி குறைகிறது என்றேன். மீனின் வயிறு எதை ஏற்கும் என்பது ஒன்று. அந்தப் புரதம் எதைத் தின்று வளர்ந்தது என்பது இன்னொன்று. சும்மா மீன் வளர்ப்பவருக்கு முதல் பத்தி போதும். சான்றிதழ் வாங்கி ‘இயற்கை மீன்’ என்று விற்க நினைப்பவருக்கு இரண்டாவதில்தான் வழக்கு முழுவதும் இருக்கிறது.

முதலில் வயிறு. கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை இவற்றுக்கெல்லாம் அமிலம் சுரக்கும் இரைப்பை கிடையாது. தொண்டையைத் தாண்டினால் குடல்தான். மீன்தூளில் இருக்கும் எலும்பைக் கரைக்க அமிலம் வேண்டும். அது இல்லாததால் எலும்பிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி செரிக்காமல் வெளியேறித் தண்ணீரில் கலந்து பாசியை வளர்க்கிறது. காசு கொடுத்து வாங்கிய மீன்தூளில் ஒரு பங்கைக் குளத்துக்கு உரமாக வீசுகிறோம் என்று அர்த்தம். விராலின் சங்கதி வேறு. அதற்கு இரைப்பையும் உண்டு, பல்லும் உண்டு. தீவனத்தில் 40 பங்குக்கு மேல் புரதம் கேட்கும். அதையும் மாமிசமாகக் கேட்கும். கொடுக்காவிட்டால் கூட இருக்கும் சின்ன விராலைப் பிடித்துத் தின்னும். வளரும் பருவத்துக் கெண்டைக்கு 25 முதல் 30 பங்கு போதும்.

அந்த 25, 30 பங்கையும் நாம்தான் கொட்ட வேண்டும் என்பதில்லை. குளத்திலேயே விளையும் நுண்ணுயிர் மிதவைகளை உலர்த்தி எடை போட்டால் பாதிக்குப் பாதி புரதம். என்னைக் கேட்டால் தாளின் முதல் வரியில் எழுத வேண்டியது அதைத்தான். காலை 10 மணி வெயிலில் குளத்தில் இறங்கி, முழங்கை முங்கும் வரை கையை நேராக விட்டுப் பாருங்கள். உள்ளங்கை அப்போதுதான் கண்ணுக்கு மறைகிறது என்றால் குளம் தன் மீனுக்குத் தானே சமைக்கிறது. மணிக்கட்டு முங்கும்போதே மறைந்தால் சாப்பாடு மிஞ்சிக் கிடக்கிறது, அன்று தீவனத்தைக் குறைக்க வேண்டும். விரல் நகம் வரை தெளிவாகத் தெரிந்தால் குளம் பட்டினி. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பண்ணை விதிகளும் உள்நாட்டுக் குளத்துக் கெண்டைக்கு இதையே சொல்கின்றன: முதலில் குளத்தில் கிடைப்பது, போதாதபோது மட்டும் இயற்கை முறையில் விளைந்த தாவரத் தீவனம். ஆகவே நாம் ஒப்பிட்டுப் பார்ப்பது முழுச் சாப்பாட்டை அல்ல, குழம்புக்குத் தொட்டுக்கொள்வதை.

மீன்தூளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் மேற்குக் கடற்கரை ஆலைகளில் அது பெரும்பாலும் மத்தியிலிருந்தும் இழுவை மடி வலையில் சிக்கும் பொடிமீன்களிலிருந்தும் வருகிறது. கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் 3,500 டன்கூட இல்லை. அதற்குக் கடல் வெப்பம் முதல் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அப்படிப்பட்ட கடலிலிருந்து அள்ளி, ஏரி மீனுக்குப் போட்டு, அதற்கு ‘இயற்கை’ என்று பெயர் வைப்பது எனக்கு நெருடுகிறது. ஒரு கணக்கும் இருக்கிறது. எதை வாங்கினாலும் கிலோ விலையைப் புரதப் பங்கால் வகுத்துப் பாருங்கள். கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் ஒரு கிலோ புரதம் 119 ரூபாய். மீன்தூள் 120 ரூபாய் என்றால் ஒரு கிலோ புரதம் 185 ரூபாய். கெண்டைக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?

விரால் வளர்ப்பவருக்கு இந்தப் பதில் போதாது. ஐரோப்பியர்கள் சால்மன், டிரவுட் விஷயத்தில் இதே முட்டுச்சந்தில்தான் நின்றார்கள். அவர்கள் விதியில் ஒரு வரிசை இருக்கிறது. இயற்கை முறை மீன் பண்ணைக் கழிவில் செய்த தூளும் எண்ணெயும் அதில் முன்னால் நிற்கும்; அடுத்தது, மனிதர் உண்ணப் பிடித்த மீனை வெட்டும்போது மிஞ்சும் தலையும் முள்ளும்; முழு மீனை அரைப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் அழியாத அளவில் பிடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தாவரப் பொருள் 60 பங்கைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் ஒரு கண் நோயின் கதையும் ஒளிந்திருக்கிறது. பசுக்களுக்கு வந்த மூளை நோய்க்குப் பயந்து மீன் தீவனத்திலிருந்து ரத்தத்தூளை எடுத்தார்கள். பண்ணைச் சால்மன்களுக்குக் கண்புரை வர ஆரம்பித்தது. ரத்தத்தில் நிறைய இருந்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்று) குறைந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. செயற்கை அமினோ அமிலம் கூடாது என்று கறாராக நிற்கும் அதே விதி, நொதிக்க வைத்து எடுத்த ஹிஸ்டிடினுக்கு மட்டும் சால்மன் குடும்பத்துக்காக வழி விட்டிருக்கிறது.

நம் பக்கத்தில் அந்தத் தலையும் முள்ளும் இல்லாமல் இல்லை. நாகப்பட்டினம் மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களின் காலடியில் கூடை கூடையாகக் கிடக்கிறது. வேகவைத்து உலர்த்தினால் தூள் தயார். எலும்பு மிகுதி என்பதால் சாம்பல் கூடுதல், புரதம் குறைவு. ஆனால் அந்தக் கூடையில் எந்தப் படகின் மீன், எந்த மடியில் விழுந்தது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? கடலில் பிடித்தது அளவோடுதான் பிடிக்கப்பட்டது என்று உலக அளவில் ஒப்புக்கொள்ளும் சான்றை இந்தியாவில் முதலில் வாங்கியது கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் மட்டிச் சிப்பி, 2014-ல். காகிதம் கிடைக்காத வரை விராலுக்குச் சான்றிதழ் கனவுதான். கோழிக் குடலை வேகவைத்துப் போட்டு விரால் வளர்க்கிறார்களே என்று மைத்துனர் கேட்டார். வளர்க்கிறார்கள், நன்றாகவும் வளர்கிறது. அந்தக் கோழி எதைத் தின்றது என்று கேட்ட இடத்தில் கதை முடிந்துவிடும்.

சோயாவுக்கு வருவோம். அமினோ அமில அணிவகுப்பைப் பார்த்தால் தாவரப் புரதங்களில் மீன்தூளுக்கு மிக அருகில் நிற்பது இதுதான்; லைசின் தாராளம், மீத்தியோனின் மட்டும் குறைவு. கடையில் கிடைக்கும் சோயாப் புண்ணாக்கு ஏறக்குறைய எல்லாமே ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எண்ணெயை உறிஞ்சி எடுத்த பிறகு மிஞ்சியது. இயற்கைப் பண்ணை விதிகள் இதை ஏற்பதில்லை. மரபணு மாற்றிய சோயாவை இந்தியாவில் பயிரிட அனுமதி இல்லையே என்று நிம்மதி அடையவும் வழியில்லை: 2021 ஆகஸ்டில் கோழித் தீவனத் தட்டுப்பாட்டுக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. மூட்டையைப் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி, சான்று பெற்ற முழுச் சோயாப் பயறை வாங்கி வறுத்து அரைப்பது. வறுக்காமல் அரைத்துவிடாதீர்கள். பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது; சூடு பட்டால்தான் அது அடங்கும். வறுத்த பயறில் எண்ணெய் அப்படியே இருப்பதால் புரதம் 37 பங்கு அளவுக்கு இறங்கும். பரவாயில்லை, அந்த எண்ணெய் மீனுக்கு எரிபொருள்.

கடலைப் புண்ணாக்கு நம் வீட்டுப் பிள்ளை. தவிட்டோடு சரிபாதி கலந்து கெண்டைக்குப் போடுவது நம் நாட்டில் தலைமுறை வழக்கம். இப்போது ஊருக்கு ஊர் மரச்செக்கு வந்துவிட்டதால் கரைப்பான் படாத புண்ணாக்கும் எளிதில் கிடைக்கிறது. கடலை மட்டும் இயற்கை முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும். செக்குக்காரரிடம் நம் கடலையைத் தனியாக ஆட்டித் தரச் சொல்ல வேண்டும். இதன் நிஜமான ஆபத்து பூஞ்சணம். அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஆண்டு புரட்டாசியில் விலை இறங்கியிருக்கிறதே என்று 8 மூட்டை வாங்கி, அடியில் பலகைகூடப் போடாமல் சிமெண்டுத் தரையில் அடுக்கினேன். ஐப்பசி அடைமழை 12 நாள் விடவில்லை. கார்த்திகையில் அடி மூட்டையைப் பிரித்தபோது புண்ணாக்குத் துண்டுகளின் விளிம்பில் மஞ்சள்பச்சையாக ஒரு பொடி, திருநீற்றைத் தொட்டது போல விரலில் ஒட்டியது. வெயிலில் உலர்த்தி, உதறி, தவிட்டோடு பிசைந்து கட்டுப்பையில் போட்டேன். மூங்கிலில் தொங்கும் அந்தப் பை வழக்கமாக மாலைக்குள் காலியாகித் தண்ணீரில் ஆடும். நான்காம் நாள் தூக்கிப் பார்த்தால் வைத்தது வைத்தபடி கனத்தது. மீன் என்னைவிட விவரமாக இருந்தது. அந்தப் பூஞ்சணம் விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் கொதித்தாலும் முழுதாக அழியாது என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே கடலைப் புண்ணாக்கில்தான்: 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. என் 8 மூட்டையில் 5 எருக்குழிக்குப் போயின. இப்போது 15 நாளுக்கு மேல் தேவைப்படும் புண்ணாக்கு என் வீட்டில் இருப்பதில்லை.

கடலையில் லைசினும் குறைவு, மீத்தியோனினும் குறைவு. மீத்தியோனினை ஈடுகட்ட எள்ளுப் புண்ணாக்கு இருக்கிறது. அதில் அது தாராளம். லைசினுக்குச் சோயா. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடும். நூற்றுக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் அப்படி ஒரு தாளில் எழுதினால் மூன்றுமே ஏறக்குறைய ‘40 சொச்சம்’ என்றுதான் இருக்கும்.

அசோலாவைப் பற்றிப் பேசினாலே நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாசியைத் தன் இலைக்குள் குடிவைத்திருக்கும் அற்புதமான செடி, வீட்டுக் கொல்லையில் விளையும், விலை கிடையாது. எல்லாம் உண்மை. 25 பங்கு புரதம் என்பதும் உண்மை, ஆனால் உலர்ந்த எடைக்கு. அள்ளிய அசோலா ஒரு கிலோவைக் காயவைத்தால் 60 கிராம் தேறும். அதில் புரதம் 15 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கின் 420 கிராம் புரதத்துக்கு 28 கிலோ அசோலா வேண்டும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் குழியில் நாளுக்கு ஒரு கிலோ எடுத்தால் நல்ல குழி. மைத்துனர் குளத்தில் ஒரு டன் மீன் இருக்கிறது, உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு தீவனம், அதாவது 20 கிலோ, அதில் பாதி புண்ணாக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் 10 கிலோவை அசோலாவால் ஈடுகட்ட 280 குழி வேண்டும். குழிக்கு மட்டும் கால் ஏக்கருக்கு மேல் நிலம் போய்விடும். அப்புறம் அள்ளுவது யார்?

இன்னொரு முடிச்சும் உண்டு. அசோலாக் குழிக்கு எல்லோரும் சொல்லும் பக்குவம்: சல்லடை மண், சாணக் கரைசல், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட். அந்தச் சூப்பர் பாஸ்பேட் ரசாயன உரம். சான்றிதழ் பார்க்க வருபவர் குழியருகே காலிப் பையைக் கண்டால் அன்றோடு சரி. பாறைப் பாஸ்பேட் போடலாம், விளைச்சல் மெதுவாக வரும். இத்தனையும் சொன்ன பிறகும் நான் 5 குழி வைத்திருக்கிறேன். புல்கெண்டை அதற்காகவே கரையோரம் வந்து காத்திருக்கும். கூடையைக் கவிழ்த்ததும் பச்சைப் பாயை யாரோ கீழிருந்து உருவுவது போல விளிம்பிலிருந்து மறையும். புண்ணாக்கில் பற்றாத லைசினையும் ஓரளவு தரும். கூட்டு, பொரியல் போல. சோறு ஆகாது.

பட்டுப்புழு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்ததாலேயே ஏமாற்றமும் அதிகம். ஒரு கிலோ கச்சாப் பட்டு நூற்றால் ஏறக்குறைய 8 கிலோ ஈரப் புழு மிஞ்சும். காய்ந்தால் 2 கிலோ. புரதத்தின் தரம் மீன்தூளோடு தோள் உரசும். உடுமலையிலும் தருமபுரியிலும் நூற்பு ஆலை வாசலில் குவித்துவைத்திருப்பார்கள். வாடையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அந்த வாடைதான் எச்சரிக்கை. புழுவில் 25 முதல் 30 பங்கு எண்ணெய். சில நாளில் சிக்குப் பிடித்துவிடும். ஜப்பானில் சிக்குப் பிடித்த பட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதை கரைந்து, நீரிழிவு போன்ற நோய் வந்தது. ‘செகோகே’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். நூற்ற இரண்டு நாளுக்குள் வாங்கி, நல்ல வெயிலில் காயவைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட முடிந்தால் குஞ்சுப் பருவத்துக்கு இதைவிடச் சிறந்த தீவனம் எனக்குத் தெரியாது.

ஆனால் சான்றிதழ்? புழு தின்றது மல்பெரி இலை. எந்தத் தோட்டத்து இலை, மருந்து அடித்ததா, வளர்ப்பு மனையை எதைத் தெளித்துக் கழுவினார்கள் என்று கேட்டால், ஏல அங்காடியில் நூறு விவசாயிகளின் கூடுகள் கைமாறி ஒரே கொப்பரையில் வெந்திருக்கும். தடம் அங்கேயே அறுந்துவிடும். ஐரோப்பா 2021 நவம்பரில் பட்டுப்புழுவைத் தீவனப் பூச்சிகள் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். சாதாரணத் தீவனத்துக்கான அனுமதி அது. அதை இயற்கைச் சான்று என்று நினைத்துவிடக் கூடாது.

‘பிஎஸ்எஃப்’ என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அந்தக் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவுக்கும் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக வருகிறது. மைத்துனர் வீட்டு மாமரத்தடியில் 6 தட்டு வைத்திருக்கிறார். உழவர் சந்தைக் காய்கறிக் கழிவைக் கொட்டினால், காதைக் கிட்டே வைத்துக் கேட்கும்போது ஓலைமேல் தூறல் விழுவது போல ஒரு சத்தம். தட்டுக்குள் கையை விட்டால் வெந்நீர் ஒத்தடம் போலச் சூடு. இரண்டு வாரத்தில் முற்றி, நிறம் கறுத்து, சாய்வுப் பலகையில் தானாகவே ஏறி வாளிக்குள் விழுகின்றன. அறுவடைக்கு ஆள்கூட வேண்டாம். வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் மொய்க்காது. குப்பை புரதமாகும் இந்த வித்தையைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஐரோப்பாவிலும் 2017 ஜூலை முதல் மீன் தீவனத்தில் 7 வகைப் பூச்சிகளை அனுமதித்தார்கள். பெரும் முதலீடு கொட்டியது. ஆனால் பிரான்சின் இன்செக்ட் என்ற பெரிய பூச்சி நிறுவனமே 2024-ல் பண நெருக்கடியில் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. பூச்சி அங்கே பண்ணை விலங்கு என்பதால், சாணத்தையோ ஓட்டல் எச்சிலையோ அதற்குப் போடக் கூடாது. சுத்தமான தானியத் தவிடு போட்டு வளர்த்தால் விலை கட்டாது. குப்பை போட்டால் விதி விடாது.

விதியை விடுங்கள், சந்தைக் கழிவில் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் எத்தனை முறை மருந்து குடித்தவை என்று நமக்கே தெரியும். காட்மியம் போன்ற உலோகம் தட்டில் இருந்தால் இந்தப் புழு அதை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளவும் செய்யும். சொந்தத் தோட்டத்துக் கழிவு மட்டும் போட்டால் பிரச்சினை இல்லை. அப்போது ஒரு ஏக்கர் குளத்துக்குத் தேவையான புழு வராது.

இப்படிப் பேசிப் பேசி இரண்டு மாலை போனது. முடிவு என் யோசனைப்படி பாதி, அவர் பிடிவாதப்படி பாதி. விரால் இந்த ஆண்டு வேண்டாம். கட்லா, ரோகு, மிர்கால், கொஞ்சம் புல்கெண்டை. கட்டுப்பைக் கலவை நூறு கிலோவுக்குத் தவிடு 50, கடலைப் புண்ணாக்கு 25, எள்ளுப் புண்ணாக்கு 10, வறுத்த சோயா மாவு 15. கூட்டிப் பார்த்தால் 26 பங்கு புரதம். மீதியைக் குளம் பார்த்துக்கொள்ளும். அவர் சித்தப்பா வயல் இயற்கைச் சான்று பெற்றது. அந்தக் கடலை, அந்த எள், அந்த நெல்லின் தவிடு. தவிட்டில்தான் நாங்கள் எதிர்பாராத சிக்கல் வந்தது: ஆலையில் எல்லார் நெல்லின் தவிடும் ஒரே குழாயில் ஒரே குவியலில் விழுகிறது. விடிகாலையில் இயந்திரத்தைத் துடைத்துவிட்டு முதல் அரைவை நம்முடையதாக ஓட்டித் தர ஆலைக்காரர் ஒப்புக்கொண்டார். ஓர் அரைவைக்குக் கூடுதல் கூலி கேட்டார், கொடுத்துவிட்டோம்.

பட்டுப்புழுவை மட்டும் அவரால் விட முடியவில்லை. சான்றிதழுக்குப் போகாத நாற்றங்கால் தொட்டி ஒன்றைத் தனியாகக் கட்டி, உடுமலையிலிருந்து ஒரு மூட்டை வரவழைத்திருக்கிறார். நேற்று அதைப் பிரித்து ஒரு பிடி அள்ளி என் மூக்கருகே நீட்டினார். சிக்கு வாடை இல்லை. ஈப்புழுத் தட்டுகள் மாமரத்தடியிலேயே இருக்கின்றன. வாளியில் விழுவதையெல்லாம் என் மாமியாரின் 14 கோழிகள் தீர்த்துவிடுகின்றன.